கம்பாசிட்டர் வேலை கைமாறிய கதை

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அச்சகக்காரர்கள் ‘பெனால்டி காப்பி’ என்று ஒன்றைச் சொல்வார்கள். வந்திருக்கும் கைப்பிரதியில் சமன்பாடுகள் நிறைந்திருந்தால் அது பெனால்டி காப்பி. பக்கத்துக்குக் கூலி கூடும். அடாவடியாகத் தோன்றினாலும் அதில் நியாயம் இருந்தது. நாவல் கோக்கிற கம்பாசிட்டருக்கு எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே கோட்டில் வந்து உட்காரும். சூத்திரம் அப்படி உட்காராது. அடுக்கு மேலே ஏறும், கீழ்க்குறி இறங்கும், பின்னம் மாடி கட்டும், தொகையீட்டுக் குறி மூன்று வரியை விழுங்கும். ஈய அச்சில் வெற்றிடம் என்று எதுவும் கிடையாது. தாளில் வெள்ளையாகத் தெரிகிற இடத்திலெல்லாம் ஓர் உலோகத் துண்டு செருகப்பட்டிருக்கும். வர்க்கமூலக் குறியின் கீழே சரியான அளவு வெள்ளை விழ வேண்டுமானால் மெல்லிய துண்டுகளைக் கையால் பொறுக்கி வைக்க வேண்டும். பின்னால் மோனோடைப் வந்தது. விசைப்பலகையில் தட்டியதைக் காகித நாடாவில் துளையாக்கி, அந்தத் துளைகளைப் படித்து, எழுத்துகளைச் சுடச்சுட வார்த்துத் தந்தது. அப்போதும் சூத்திரத்தை முடித்து வைத்தது மனிதக் கைதான்.

பொறியியல் இதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் சபித்துக்கொண்டே கடைப்பிடிக்கும் விதிகளில் பல அந்த ஈயக் கூடத்தில் பிறந்தவை. வரிக்கு வரி இரட்டை இடைவெளி விடச் சொன்னது வாசகர் கண்ணுக்காக அல்ல. எடிட்டர் திருத்தம் போடவும், கம்பாசிட்டருக்குக் குறிப்பு எழுதவும் வரிகளுக்கு நடுவே இடம் வேண்டியிருந்தது. படங்களைக் கட்டுரைக்குள் வைக்காதே, தனித்தாளில் கடைசியில் சேர், பட விளக்கங்களை இன்னொரு தாளில் தட்டு என்றதற்கும் காரணம் எளிது: எழுத்து கோக்கப் போகும் மேசை ஒன்று, படத்துக்கு பிளாக் செய்யும் பட்டறை வேறொன்று. கைப்பிரதி கிழித்துப் பிரிக்கப்படும் என்பதால் அது பிரிப்பதற்குத் தோதாக இருக்க வேண்டும். பட்டறையும் போய் பிளாக்கும் போன பிறகு விதி மட்டும் வீட்டைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஈயத்துக்கு முடிவுகாலம் வந்தபோது முதலில் அதன் இடத்தைப் பிடித்தது கணினி அல்ல, தட்டச்சு. 1961இல் ஐபிஎம் கொண்டுவந்த செலக்ட்ரிக் இயந்திரத்தில் எழுத்துகள் ஒரு சிறு உருண்டையின் மேல் இருந்தன. உருண்டையைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் கிரேக்க எழுத்து வரும். ஆல்ஃபா தட்ட ஓர் உருண்டை, அதற்குப் பக்கத்தில் எக்ஸ் தட்ட இன்னொன்று. உருண்டையில் இல்லாத குறியைப் பேனா மையால் வரைந்துகொள்ள வேண்டியதுதான். மாநாட்டுத் தொகுப்புகளுக்கு இதுவே போதும் என்றாகிவிட்டது. ஏற்பாட்டாளர்கள் நீலக் கோடு போட்ட தாள்களை ஆசிரியர்களுக்கு அனுப்புவார்கள். அந்த வெளிர்நீலம் கேமராவின் கண்ணில் படாது. கோட்டுக்குள் அடங்கும்படி தட்டி அனுப்பினால் அதைப் படமெடுத்து அப்படியே அச்சிடுவார்கள். ‘கேமரா ரெடி காப்பி’ அனுப்பச் சொல்லி மெயில் வந்திருக்கிறது என்று பொறியியல் கல்லூரி மாணவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கேமராவைப் பார்த்த ஒருவரும் அவர்களில் இருக்க வாய்ப்பில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று அந்த நீலக் கோட்டுத் தாளில் நடந்தது. கட்டுரை எழுதியவரே பக்கத்தையும் ஆக்கித் தர வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே வேர்பிடித்தது. அதுவரை கம்பாசிட்டருக்குக் கூலி கொடுத்த பதிப்பாளர், அந்த வேலையைக் கூலியில்லாமல் ஆராய்ச்சியாளரின் மடியில் இறக்கி வைத்தார். பேராசிரியர்களின் தட்டச்சர்கள்தான் உண்மையில் அந்தச் சுமையைச் சுமந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நன்றியுரையின் கடைசி வரியில் அவர்கள் பெயர் வரும்.

1970களில் ஈயத்தின் இடத்துக்குப் போட்டோ டைப்செட்டிங் வந்தது. எழுத்தின் படத்தின் வழியே ஒளியைப் பாய்ச்சிப் படத்தாளில் பதிக்கும் முறை. சாதாரண வரிகளுக்கு மலிவு, வேகம். கணிதத்துக்கு அது கைகொடுக்கவில்லை. நல்ல கணித எழுத்துருக்கள் இல்லை. கீழ்க்குறிகள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை, மூல எழுத்துகள் வேறொரு குடும்பம் என்று பக்கம் பல்லிளித்தது. இதற்குள் நியூஜெர்சியில் பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் சமன்பாடுகளைக் கணினிக்குச் சொல்லும் ஒரு சின்ன மொழியை உருவாக்கி, 1975இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். தொலைபேசியில் ஒருவருக்குச் சூத்திரம் வாசித்துக் காட்டுவதுபோலவே அதைத் தட்டலாம். கணிதம் தெரியாத தட்டச்சரும் சில நாளில் பழகிவிடுவார். பொறியாளர் மூளையில் உதித்த அழகான யோசனை அது. ஆனால் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பிடிவாதம் பிடிக்கிற ஆள் அங்கே இல்லை. அந்தப் பிடிவாதக்காரர் கலிஃபோர்னியாவில் இருந்தார்.

டொனால்ட் கனூத் அப்போது ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர். ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ என்ற பெரும் நூல்வரிசையின் மூன்று தொகுதிகள் 1968, 1969, 1973 ஆண்டுகளில் வெளிவந்திருந்தன. கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருது 1974இலேயே கிடைத்துவிட்டது; வயது 36. மூன்று தொகுதிகளும் மோனோடைப்பில் கோத்தவை, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற பக்கங்கள். இரண்டாம் தொகுதிக்கு மறுபதிப்பு வேண்டியிருந்தது. பதிப்பாளர் அடிசன்-வெஸ்லி. ஆனால் அதற்குள் ஈயம் போய்விட்டது.

1977 மார்ச் 30 அன்று புது முறையில் கோத்த திருத்தப் படி (கேலி புரூஃப்) கனூத் கைக்கு வந்தது. பார்த்தார், சகிக்கவில்லை. பதிப்பாளருக்குக் கோபமாக ஒரு கடிதம் போட்டு, இரண்டு மாதம் இழுத்தடித்து, கடைசியில் விதியே என்று ஒப்புக்கொள்வதுதான் எல்லா நூலாசிரியர்களும் செய்வது. கனூத் அப்படிச் செய்யாததற்கு ஒரு தற்செயல் காரணம். அந்தப் பிப்ரவரியில்தான், துறையின் பிஎச்.டி. தேர்வுக்கான வாசிப்புப் பட்டியலைத் தயாரிக்கும் குழுவில் இருந்த அவர், செயற்கை நுண்ணறிவு பற்றி பேட்ரிக் வின்ஸ்டன் எழுதிய நூலின் புரூஃபைப் பார்த்திருந்தார். அது டிஜிட்டல் இயந்திரத்தில் அச்சானது. எழுத்துகள் புள்ளிகளால் ஆனவை, ஆனால் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. பார்த்தால் ஈய அச்சுக்குக் குறைவில்லை. புள்ளி இருக்கிறது அல்லது இல்லை, ஒன்று அல்லது சுழி: பக்கம் என்பது அவ்வளவுதான் என்றால் அதைச் சரிசெய்வது அச்சகக்காரர் வேலை அல்ல, கணினிக்காரர் வேலை. நானே செய்கிறேன் என்று தீர்மானித்துவிட்டார். நான்காம் தொகுதியின் எழுத்து நின்றது.

மே 13 தேதியிட்ட குறிப்பில் நிரல் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று எழுதினார். பெயர் டெக். கோடைக்காலத்தில் அவர் சீனப் பயணம் போக, மைக்கேல் பிளாஸ், ஃபிராங்க் லியாங் என்ற இரண்டு மாணவர்கள் அந்தக் குறிப்பை வைத்து ஒரு முன்மாதிரியைக் கட்டினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது கனூத்துக்கு ஒன்று உறைத்தது. திட்டத்தை எழுதியவர் கண்ணுக்கு முழுமையாகத் தெரிந்த குறிப்பில், நிரல் எழுத உட்கார்ந்தவர்கள் அடிக்கு அடி கேள்வி கேட்க வேண்டியிருந்தது. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரோ கடல் தாண்டி இருந்தார். இனி நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தார். 1978இல் கிடைக்கவிருந்த ஓராண்டு விடுப்புக்குள் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஏறக்குறைய பத்தாண்டு போயிற்று.

நிரல் எழுதுவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. சூத்திரத்தில் எவ்வளவு வெள்ளை விட வேண்டும் என்று அவர் தன் விருப்பத்துக்குத் தீர்மானிக்கவில்லை, நூலகத்துக்குப் போனார். நன்றாக அச்சான கணிதம் எங்கே இருக்கிறது என்று தேடி, மூன்று மாதிரிகளை எடுத்துக்கொண்டார்: தன் பதிப்பாளரின் பழைய ஈய அச்சு நூல்கள், சுவீடனிலிருந்து வந்த ‘ஆக்டா மேத்தமேட்டிகா’ இதழின் பழைய தொகுதிகள், நெதர்லாந்தின் ‘இண்டகேஷனஸ் மேத்தமேட்டிகே’ இதழ். கூட்டல் குறிக்கு இருபுறமும் எவ்வளவு, சமக்குறிக்கு எவ்வளவு, பின்னத்தின் கோடு எந்த உயரத்தில், அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் எவ்வளவு சிறியது என்று அளந்து அளந்து விதியாக்கினார். பெயர் போடாமல் போன எத்தனையோ கம்பாசிட்டர்களின் விரல் அறிவு இப்படித்தான் எண்ணாக மாறி ஒரு நிரலுக்குள் போனது. இன்று சென்னையிலோ வேறெங்கோ யாரோ ஒரு மாணவி தட்டும் சமன்பாட்டில் கூட்டல் குறியைச் சுற்றி விழுகிற வெள்ளை அந்தக் கைகள் விட்ட வெள்ளை.

நிரலுக்குள் கணிதத்தைத் தொடங்கவும் முடிக்கவும் டாலர் குறியைப் போட வேண்டும் என்று வைத்தார். கணிதம் என்றால் காசு செலவாகும் சமாசாரம் ஆயிற்றே என்பதுதான் அவர் சொன்ன காரணம். பெனால்டி காப்பிக்காரர்களுக்கு ஒரு சின்னக் குட்டு.

அடுத்தது வரியை எங்கே முறிப்பது என்ற பிரச்சினை. சாதாரண நிரல் வரிக்கு எவ்வளவு சொல் பிடிக்குமோ அவ்வளவையும் அடைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். கல்யாணப் பந்தியில் புதிதாக நின்று ஆள் உட்காரவைக்கிறவரும் அப்படித்தான் செய்வார்: முதல் வரிசையை நெருக்கி நிரப்புவார், இரண்டாவதில் ஒரு குடும்பம் பிரியாமல் உட்கார இடம் போதாமல் பாதி இலை காலியாகும், மூன்றாவது வரிசையில் சண்டை. பழகிய ஆள் கூட்டம் முழுவதையும் ஒரு தடவை கண்ணால் அளந்துகொண்டு, எந்த வரிசையிலும் நெரிசல் தெரியாதபடி முதல் வரிசையிலேயே ஒருவரைக் குறைத்து உட்காரவைப்பார். கனூத்தும் பிளாஸும் சேர்ந்து செய்தது இதுதான். பாரா முழுவதையும் பார்த்து, முறிக்கக்கூடிய இடங்கள் எல்லாவற்றையும் எடைபோட்டு, ஒட்டுமொத்தமாக எது குறைந்த அசிங்கமோ அதைத் தேர்ந்தெடுப்பது. அசிங்கத்துக்கு ஓர் எண் கொடுத்தார்கள். வரியின் இடைவெளிகள் தம் வரம்பில் எந்த அளவு இழுபடுகின்றன என்ற விகிதத்தின் கனத்தை 100ஆல் பெருக்கினால் அந்த வரியின் பேட்னெஸ். 10,000 வந்தால் அதற்குமேல் மோசமாக முடியாது. சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதை லியாங் எடுத்துக்கொண்டார். 1983இல் முடித்த ஆய்வேட்டில், 4,447 எழுத்து வடிவங்களைக் கொண்டு ஆங்கிலச் சொற்களை உடைக்கும் முறையைத் தந்தார். அந்த வடிவங்களுக்கு அடங்காமல் தனியாகப் பட்டியல் போட வேண்டியிருந்த சொற்கள் 14 மட்டுமே.

எழுத்துருவையும் கனூத்தே செய்தார். இதற்கென்று மெட்டாஃபாண்ட் என்று இன்னொரு நிரல். எழுத்தை வரையாமல் சமன்பாடாக எழுதுவது. எல்லா எழுத்தும் மசிந்தன, ஆங்கில ‘எஸ்’ மட்டும் மசியவில்லை. அந்த வளைவு எப்படி நடுவில் தடித்து இருபுறமும் மெலிகிறது என்று பல நாள் தூக்கமில்லாமல் கிடந்தார். அவர் மனைவி ஜில் வந்து பார்த்துவிட்டு, அதை ‘எஸ்’ வடிவத்திலேயே செய்துவிடுவதுதானே என்றாராம். கணிதத்தை மனைவிமார் இந்த அளவு சுருக்கமாக விமர்சித்த இன்னொரு சந்தர்ப்பம் எனக்குத் தெரியாது. அந்த ஒரு எழுத்தைப் பற்றி 1980இல் ஒரு கணித இதழில் அவர் கட்டுரையே எழுதினார்.

இத்தனைக்கும் பிறகு 1981இல் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்பு வந்தபோது அவருக்கு ஏமாற்றம். பரிசோதனை அச்சில் நன்றாக இருந்த எழுத்துருக்கள் புத்தகத்தில் ஏதோ ஒட்டாமல் நின்றன. எழுத்துருக் கலைஞர்களின் காலடியில் மாணவராக உட்கார்ந்து மறுபடி தொடங்கினார். ஹெர்மன் ஸாஃப் போன்ற மேதைகள் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்துபோனார்கள். டெக் நிரலும் அடியோடு திரும்ப எழுதப்பட்டது. 1986இல் ஐந்து தொகுதிகளாக முழு நிரலும், எழுத்துருவும், விளக்கமும் அச்சாகி வந்தன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம், மாற்றினால் மட்டும் அதே பெயரில் உலவவிடாதே என்றார். நிரலில் பிழை கண்டுபிடித்துச் சொன்னவருக்கு 2.56 டாலரில் தொடங்கிக் காசோலை அனுப்பினார். டெக்கைப் பொறுத்தவரை அந்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு இரட்டித்து 327.68 டாலரில் நின்றது. பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம்போட்டு மாட்டிக்கொண்டார்கள். 1990இல் வந்த மூன்றாம் பதிப்போடு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று கதவை மூடிவிட்டார். அதன்பின் பிழைதிருத்தம் மட்டும். ஒவ்வொரு தடவையும் பதிப்பு எண்ணில் பையின் இன்னொரு இலக்கம் கூடும், 2021இல் 3.141592653 ஆனது. தன் காலத்துக்குப் பிறகு எண்ணை நேரே பை என்று வைத்துவிட்டு, மிச்சம் இருக்கும் பிழைகளை எல்லாம் நிரலின் குணங்கள் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

ஆனால் பொறியாளர்கள் கையில் அது அப்படியே போகவில்லை. டெக் கம்பாசிட்டரின் மொழியில் பேசியது. இங்கே இத்தனை பாயின்ட் இறங்கு, இந்தப் பெட்டியை அந்தப் பெட்டிக்குள் வை என்று கட்டளை இட வேண்டும். மின்சுற்று பற்றி எழுத உட்கார்ந்தவருக்கு இது எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை தந்தவர் லெஸ்லி லாம்போர்ட், எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் இருந்த கணினி ஆய்வாளர். 1980களின் தொடக்கத்தில், ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும் நிரல்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதும் எண்ணம் அவருக்கு இருந்தது. அதற்காக டெக்கின் மேல் சில மேக்ரோக்களை, அதாவது சுருக்கக் கட்டளைகளை, எழுதிக்கொண்டார். கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட்டால் மற்றவர்களுக்கும் உதவுமே என்று தோன்றியது. கார்னகி மெலனில் பிரையன் ரீட் செய்த ஸ்கிரைப் என்ற நிரலிலிருந்து மையக் கருத்தை எடுத்துக்கொண்டார்: இது தலைப்பு, இது சுருக்கம், இது தேற்றம் என்று மட்டும் எழுதுகிறவர் சொல்லட்டும், தலைப்பு எத்தனை பாயின்ட் என்பது வேறொருவர் கவலை. அடிசன்-வெஸ்லியின் பீட்டர் கோர்டன் இதற்கு ஒரு கையேடு எழுதச் சொன்னபோது, மென்பொருளைப் பற்றிய புத்தகத்தைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று லாம்போர்ட்டுக்குச் சந்தேகம். புத்தகம் 1986இல் வந்தது. தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தை டெக்கின் முன்னால் ஒட்டியதில் பிறந்த பெயர்தான் லேடெக். 2013ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அது வேறு வேலைகளுக்காக. மேக்ரோக்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஃபிராங்க் மிட்டல்பாக் தலைமையிலான குழுவிடம் அவர் ஒப்படைத்துவிட்டு ஒதுங்க, 1994இல் வந்த வடிவத்தின் மேல்தான் இன்றும் எல்லோரும் எழுதுகிறார்கள்.

வேறொருவர் கவலை என்றாரே, அந்த வேறொருவர்தான் இதழ். கட்டுரைக்கும் தோற்றத்துக்கும் நடுவே லாம்போர்ட் வெட்டிய இந்த வாய்க்கால் இல்லாவிட்டால் ‘டெம்ப்ளேட்’ என்று ஒரு பொருளே லேடெக் உலகில் பிறந்திருக்காது. மின்பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇ-யின் இதழ்களுக்கு ஐஇஇஇ-டிரான் என்று ஒரு வகுப்புக் கோப்பு உருவானது. கட்டுரையின் முதல் வரியில் அதன் பெயரை எழுதினால் போதும். பக்கம் இரட்டைப் பத்தியாகும். உடல் எழுத்து 10 பாயின்ட், சுருக்கம் தடித்த 9 பாயின்ட், ரெஃபரன்ஸ் 8 பாயின்ட். பிரிவுகளுக்கு ரோமன் எண். அட்டவணையின் தலைப்பு மேலே, படத்தின் விளக்கம் கீழே. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு ஏன் திரும்பி வந்தது என்று விழிக்காத ஆராய்ச்சி மாணவர் குறைவு.

எழுத்துரு டைம்ஸ். 1932இல் லண்டனின் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்காக ஸ்டான்லி மாரிசன் மேற்பார்வையில் உருவானது. குறுகிய செய்திப் பத்தியில் அதிகச் சொற்களை அடைக்க ஏற்றபடி ஒடுக்கமாக வெட்டியது. பொறியியல் இதழும் அதே காரணத்துக்காக அதை விரும்பியதில் வியப்பில்லை: தாளுக்கும் தபாலுக்கும் காசு. பத்தியின் அகலம் மூன்றரை அங்குலம். ஐம்பது அறுபது எழுத்துதான் ஒரு வரியில் பிடிக்கும். படிக்க வசதி, கோக்கக் கொடுமை. பந்தி குறுகக் குறுகக் குடும்பங்களை உட்காரவைப்பது கஷ்டமாகும் அல்லவா? நீளமான ஒரு வேதிப்பெயரோ சமன்பாடோ வந்தால் வரி பத்தியைவிட்டு வெளியே தலைநீட்டும். நிரல் உடனே ‘ஓவர்ஃபுல் ஹெச்பாக்ஸ்’ என்று புலம்பும். எத்தனை பாயின்ட் வெளியே போயிற்று என்று ஐந்து தசம இலக்கத்துக்குச் சொல்லும். ஆராய்ச்சி மாணவர்கள் இந்த எச்சரிக்கையைப் படிக்காமலே கடந்துபோகப் பழகிவிடுகிறார்கள். என் பார்வையில் அதுதான் டெக் சொல்லித்தரும் மிக உபயோகமான ஒரே பாடத்தைத் தவறவிடுவது: பெரும்பாலும் அந்த இடத்தில் வாக்கியத்தைத் திருத்தி எழுதினால் எச்சரிக்கையும் போகும், வாக்கியமும் நன்றாகும்.

படங்கள் ஊர்சுற்றுவது வேறு கதை. மூன்றாம் பக்கத்தில் வைத்த படம் ரெஃபரன்ஸ் பட்டியலுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கும். பாராவை முழுதாகப் பார்த்து முடிவெடுக்கிற நிரல் பக்கத்தை ஏன் அப்படிச் செய்வதில்லை? 1970களின் கணினிக்கு நினைவகம் போதவில்லை. பல பக்கங்களை ஒன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டு யோசிக்க இடமில்லாததால், ஒரு பக்கம் நிரம்பியதும் அதை வெளியே தள்ளிவிட்டு மறந்துவிடும்படி கனூத் வைத்தார். இன்று சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியில் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு நினைவகம் இருக்கிறது. படம் இன்னும் ஊர்சுற்றுகிறது.

ரெஃபரன்ஸ் பட்டியலுக்கு ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஓரன் பட்டாஷ்னிக் 1985இல் பிப்டெக் எழுதினார். ஒவ்வொரு நூலையும் கட்டுரையையும் ஒரு தடவை குறித்து வைத்தால், எந்த இதழ் எந்த வடிவம் கேட்டாலும் அது மாற்றிக் கொடுக்கும். இதில் நம்மவர்களுக்கு மட்டும் ஒரு முள். பிப்டெக் ஆள் பெயரை நான்கு துண்டாகப் பார்க்கும்: முதற்பெயர், டச்சு ஜெர்மன் பெயர்களில் வரும் ‘வான்’ போன்ற இடைச்சொல், குடும்பப் பெயர், ‘ஜூனியர்’ போன்ற வால். ஐரோப்பியப் பெயர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் குடும்பப் பெயர் என்று ஒன்று பலருக்கு இல்லை. இருப்பது அப்பாவின் பெயர். பாஸ்போர்ட் படிவத்துக்காக அதை விரித்துப் பின்னால் போட்டவரின் கட்டுரையை உலகம் மேற்கோள் காட்டும்போது, அவர் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி அப்பா பெயர் முழுதாக நிற்கும். கட்டுரையே எழுதாத எத்தனையோ அப்பாக்கள் இப்படி உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சியாளர்களாகியிருக்கிறார்கள்.

டெக் தெரியாதவர்களும் இதிலிருந்து தப்பிவிடவில்லை. 2007இல் மைக்ரோசாஃப்ட் வேர்டில் வந்த புதிய சமன்பாட்டுக் கருவி கனூத்தின் இடைவெளி விதிகளை அடியொற்றியே கட்டப்பட்டது. எந்த வழியில் போனாலும் வெள்ளை அதே வெள்ளை.

வெளியிலிருந்து வரும் கட்டாயம் மட்டும் வேறு உருவம் எடுத்திருக்கிறது. பல ஐஇஇஇ இதழ்கள் குறிப்பிட்ட பக்கத்துக்குமேல் போனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஆசிரியரிடமே காசு வாங்குகின்றன. கடைசிப் பக்கத்தில் நான்கு வரி வழிந்தால் மாணவர் என்ன செய்வார்? படத்துக்குக் கீழே மைனஸ் ஐந்து பாயின்ட் இடைவெளி, தலைப்புக்கு மேலே மைனஸ் மூன்று. டெம்ப்ளேட்டைத் தொடாதே என்று இதழ் எச்சரித்திருக்கும். வழிகாட்டியும் கண்டும் காணாமல் இருப்பார். தோற்றத்தை மறந்துவிட்டு விஷயத்தை மட்டும் எழுது என்று லாம்போர்ட் எழுப்பிய சுவரில் ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கு முந்தின இரவும் ஓட்டை விழுகிறது. நீலக் கோட்டுத் தாளில் தொடங்கிய வேலை இது: எழுதியவரே கம்பாசிட்டர், சம்பளம் கிடையாது, இப்போது தப்பாகச் செய்தால் அபராதமும் உண்டு.

இதில் பெரிய வேடிக்கை, அந்த வேலையில் பெரும்பகுதி வீண் என்பதுதான். கட்டுரை ஏற்கப்பட்டதும் பெரும் பதிப்பகங்கள் அதை டைப்செட்டிங் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. சென்னையிலும் புதுச்சேரியிலும் இப்படிப்பட்ட நிறுவனங்கள் பல. அங்கே முதலில் ஆசிரியரின் கோப்பு உரிக்கப்படும். மைனஸ் ஐந்துகளும் மைனஸ் மூன்றுகளும் தூக்கியெறியப்பட்டு, தலைப்பு, சுருக்கம், பாரா, சமன்பாடு என்று கட்டுரை எக்ஸ்எம்எல் ஆக மாற்றப்படும். அதிலிருந்து இணையத்துக்கு ஒரு வடிவம், அச்சுக்கு இன்னொரு வடிவம். அந்த எக்ஸ்எம்எல்லைத் திரும்பப் பக்கமாக்கும் எந்திரத்துக்குள்ளே பல இடங்களில் ஓடுவது, ஆசிரியர் மடிக்கணினியில் ஓடிய அதே டெக். அதே நூறால் பெருக்கிய கனம், அதே 4,447 வடிவங்கள். வரிகள் மட்டும் புதிதாக முறியும்.

இதை உணர்ந்தோ என்னவோ, முதல் சமர்ப்பிப்புக்கு எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் அனுப்பலாம், ஏற்கப்பட்ட பிறகு டெம்ப்ளேட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சில பதிப்பகங்கள் சொல்லத் தொடங்கியிருக்கின்றன. மற்ற இதழ்களில் பழைய வழக்கமே. சில வாரம் கழித்து ஆசிரியருக்குப் புரூஃப் வரும், பெரும்பாலும் 48 மணி நேரக் கெடுவோடு. கூடவே கேள்வித்தாள் ஒன்று: படம் 4 தெளிவாக இல்லை, ரெஃபரன்ஸ் 17க்குப் பக்க எண் இல்லை, ஆசிரியர்களின் முதற்பெயரும் குடும்பப் பெயரும் சரியாகப் பிரிக்கப்பட்டுள்ளனவா என்று உறுதிசெய்யவும். கேள்வியை அனுப்பியவரும் அம்பத்தூரிலோ தரமணியிலோ உட்கார்ந்து, அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக் கையெழுத்திடுகிற ஒருவராக இருக்கலாம். படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லாததால் அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.